சாலைக்கு அந்தப் பக்கக் கிணறு

வீட்டு விற்பனை விளம்பரத்தில் கிணற்றைப் பற்றி ஒரே வரிதான் இருந்தது: போர்வெல், நல்ல தண்ணீர், நிமிடத்துக்குப் பத்து காலன். டொராண்டோ அடுக்குமாடியில் குழாயைத் திருகியே பழகிய நண்பருக்கு அது போதுமானதாகத் தெரிந்தது. "பத்து காலன்னா தாராளம்தானே அண்ணா?" என்று கேட்டார். தாராளம்தான், அந்தப் பத்து காலன் அந்த வீட்டுக் கிணற்றிலிருந்து வருவதாக இருந்தால்.

கனடாவில், ஒன்டாரியோ ஏரிக்கு வடக்கே, சுண்ணாம்புப் பாறைமேல் மெல்லிய மண் போர்த்திய பகுதி. பதினோரு ஏக்கர், மூன்று படுக்கையறைப் பழைய பண்ணை வீடு, இடிந்தும் இடியாமலும் ஒரு மாட்டுத் தொழுவம். குடிபோக இருந்தவர்கள் ஐந்து பேர்: நண்பர், மனைவி, இரண்டு பிள்ளைகள், நண்பரின் அம்மா. நகராட்சிக் குழாய் அந்தச் சாலைக்கு வராது, இனி வரப்போவதும் இல்லை. ஊர்ப் பெயரையும் விற்றவர் விவரத்தையும் விட்டுவிடுகிறேன். மற்றதெல்லாம் நாங்கள் பார்த்த வரிசையிலேயே வருகிறது.

ஒன்டாரியோ மாகாணத்தில் உரிமம் பெற்ற ஒருவர் கிணறு தோண்டினாலோ, ஆழப்படுத்தினாலோ, மூடினாலோ ஒரு பதிவுத் தாளை நிரப்பி சுற்றுச்சூழல் அமைச்சிடம் கொடுத்தாக வேண்டும். கிணறுகளுக்கான ஒழுங்குவிதி 903 என்பார்கள். அந்தத் தாள்கள் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்து, இப்போது மாகாண அரசின் இணைய வரைபடத்தில் புள்ளி புள்ளியாகக் கிடக்கின்றன. கட்டணமும் இல்லை, அனுமதியும் கேட்க வேண்டாம். புள்ளியைத் தொட்டால் ஆழம், எந்த ஆழத்தில் தண்ணீர் வந்தது, இறைத்துப் பார்த்தபோது என்ன நடந்தது என்று விவரம் விரியும். எல்லா இடத்திலும் இப்படித் திறந்து வைக்கவில்லை. கலிபோர்னியாவில் 2015 வரை இந்தப் பதிவுகளைப் பொதுமக்கள் பார்க்க முடியாமல் இருந்தது.

நண்பர் விளம்பரத்தை அனுப்பிய அன்றிரவே வரைபடத்தைத் திறந்தேன். வீட்டு நிலத்துக்குள் அழகாக ஒரு புள்ளி. 1974-ஆம் ஆண்டுப் பதிவு. ஆழம் 62 அடி, 58 அடியில் நல்ல தண்ணீர், நிலை நீர்மட்டம் (இறைக்காதபோது தண்ணீர் நிற்கும் மட்டம்) 14 அடி, இறைப்பு நிமிடத்துக்கு 10 காலன். விளம்பரத்தில் இருந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. வீட்டு முகவரும் இதே புள்ளியைத்தான் தொட்டிருக்க வேண்டும். அவர் பொய் சொல்லவில்லை. புள்ளியை நம்பினார், அவ்வளவுதான்.

இங்கே இன்னொரு சின்ன விஷயம். கனடாவின் பழைய தாள்களில் உள்ள காலன் அமெரிக்கக் காலன் அல்ல, இம்பீரியல் காலன். ஒரு இம்பீரியல் காலன் 4.5 லிட்டருக்குச் சற்று மேலே, அமெரிக்கக் காலன் 3.8 லிட்டருக்குச் சற்றுக் கீழே. பத்து காலன் என்றால் இந்தத் தாளின்படி 45 லிட்டர். அமெரிக்க இணையதளம் ஒன்றில் மாற்றிப் பார்த்துவிட்டு 38 என்று எழுதி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வரைபடத்தில் பிழைபட இடம் உள்ளது எண்களைவிடப் புள்ளி நிற்கும் இடத்தில்தான். 1974-இல் துளை போட்டவரிடம் ஜிபிஎஸ் கிடையாது. தாளின் ஒரு மூலையில் சாலையையும் வீட்டையும் கிணற்றையும் கையால் வரைந்து, சாலையிலிருந்து எத்தனை அடி என்று எழுதிக் கொடுத்தார். பிற்பாடு அலுவலகத்தில் யாரோ அதை வரைபடத்தில் ஏற்றினார்கள். அதனால்தான் ஒவ்வொரு பதிவோடும், இந்த இடக்குறிப்பு எவ்வளவு தூரம் பிசகலாம் என்பதற்கு ஒரு குறியீடு உண்டு. சில பழைய பதிவுகளில் பிசகு நூற்றுக்கணக்கான மீட்டர். சிலவற்றில் கிணறு எங்கே என்றே தெரியாமல் மனையின் நடுப்புள்ளியைப் போட்டிருப்பார்கள். போதாக்குறைக்கு, பழைய நில அளவைத் தளத்திலிருந்து புதியதற்கு, அதாவது 1927-ஐ அடிப்படையாகக் கொண்டதிலிருந்து 1983-ஐ அடிப்படையாகக் கொண்டதற்கு, மாற்றாமல் விட்ட புள்ளி வடக்கு தெற்காக ஏறத்தாழ 200 மீட்டர் தள்ளி நிற்கும். கிராமப்புறத்தில் 200 மீட்டர் என்றால் அடுத்தவர் நிலம்.

எனவே புள்ளியை மூடிவிட்டு, ஸ்கேன் செய்து வைத்த மூலத் தாளைத் திறந்தேன். கை எழுத்து, கசங்கிய ஓரம். படத்தில் சாலை கிடையாக ஒரு கோடு, மேலே வடக்கைக் காட்டும் அம்பு, சாலைக்கு வடக்கே ஒரு சதுரம், அதுதான் வீடு, சதுரத்துக்குப் பக்கத்தில் ஒரு வட்டம், 150 அடி. நண்பர் பார்த்த வீடு சாலைக்குத் தெற்கே. பத்து காலன் கிணறு எதிர்வீட்டுக்காரருடையது.

நண்பரைக் கூப்பிட்டேன். "அப்போ நம்ம வீட்டுக் கிணறு எங்கண்ணா?" என்றார். அதைத்தான் தேட வேண்டும் என்றேன்.

தேடுவதற்கு வீட்டு எண் உதவாது. பழைய தாள்களில் அது இருக்காது. இங்குள்ள கிராமப்புற நிலம் குடியேற்றக் காலத்து அளவையின்படி டவுன்ஷிப், கன்செஷன், லாட் என்று வரிசைகளாகவும் துண்டுகளாகவும் பிரிந்திருக்கிறது. தாள்கள் அந்த மொழியில்தான் பேசும். சொத்துவரி ரசீதிலோ பத்திரத்திலோ லாட் எண் இருக்கும். நண்பரிடம் வாங்கிப் பார்த்தேன், பதினான்காவது லாட். அந்த லாட்டின் பெயரில் இரண்டு பதிவுகள் இருந்தன. ஒன்று எதிர்வீட்டின் 1974. சாலை போட்டபோது லாட்டின் ஓரம் வடக்கே ஒட்டிக்கொண்டதால் அதற்கும் அதே எண். இன்னொன்று 2006.

இந்த 2006 தாள் நமதுதானா என்று உறுதி செய்ய எளிய வழி ஒன்று இருந்தது. 2003-இல் ஒழுங்குவிதியைத் திருத்தியபோது, அதற்குப் பிறகு தோண்டும் அல்லது ஆழப்படுத்தும் கிணறுகளின் கேசிங் குழாயில், அதாவது துளையின் மேல்பகுதியைக் காக்கும் உறைக் குழாயில், எண் பொறித்த உலோகப் பட்டையை மாட்ட வேண்டும் என்று வைத்தார்கள். வீட்டைப் பார்க்கப் போன அன்று நண்பர் சமையலறை, கூரை, அடித்தளம் என்று பார்த்துக்கொண்டிருக்க, நான் பின்கட்டில் புல்லை விலக்கிக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு இருபது மீட்டர் பின்னால் ஆறு அங்குல இரும்புக் குழாய், முழங்கால் உயரம், தலையில் மூடி, பக்கவாட்டில் துரு ஏறிய பட்டை. விரலால் துடைத்து எண்ணைப் படித்தேன். 2006 தாளில் இருந்த அதே எண்.

இனி இந்தத் தாளைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வீட்டின் விலையைவிட முக்கியமான விஷயம் அதில் ஓர் ஓரத்தில், யாரும் படிக்காத இரண்டு நெடுவரிசைகளில் இருந்தது.

மேலே, வேலையின் வகை என்ற இடத்தில் "ஆழப்படுத்தல்" என்று இருந்தது. புதுக் கிணறு அல்ல. துளை முன்பே 15.8 மீட்டர் இருந்திருக்கிறது, அதை 47.2 மீட்டருக்கு இறக்கியிருக்கிறார்கள். போதுமான தண்ணீர் கொடுக்கும் கிணற்றைக் காசு செலவழித்து யாரும் மூன்று மடங்கு ஆழமாக்க மாட்டார்கள். எனக்கு முதல் மணி அங்கேயே அடித்தது.

அடுத்து, மண்ணும் பாறையும். 2.4 மீட்டர் வரை பழுப்பு மண்ணும் கல்லும், அதற்குக் கீழே சாம்பல் சுண்ணாம்புப் பாறை, அடி வரை அதேதான். கேசிங் 6.1 மீட்டர். தண்ணீர் வந்த இடங்கள் இரண்டு: 12.8 மீட்டரில் நல்ல தண்ணீர், 44 மீட்டரில் கந்தக வாடையோடு கொஞ்சம். துளை போடுபவர் புவியியலாளர் அல்லர். ஒருவர் "கெட்டி மண்" என்று எழுதுவதை இன்னொருவர் "களியும் கல்லும்" என்று எழுதுவார். அதற்காக ஒதுக்கத் தேவையில்லை. துளைக்கோல் எங்கே திடீரென்று இறங்கியது, எங்கே தண்ணீர் கொப்பளித்தது என்பதை அவர் கையால் உணர்ந்து எழுதுகிறார். அந்த ஆழங்களை நான் பெரும்பாலும் நம்புவேன்.

இப்போது இறைப்புச் சோதனை. நிமிடத்துக்கு 9 லிட்டர் வீதம் ஒரு மணி நேரம் இறைத்திருக்கிறார்கள். சோதனைக்கு முன் நீர்மட்டம் தரையிலிருந்து 5.1 மீட்டர். ஒரு மணி நேரம் கழித்து 31.0 மீட்டர். பம்பை நிறுத்திய பிறகு நீர்மட்டம் எப்படி ஏறுகிறது என்பதையும் இன்னொரு மணி நேரம் அளக்க வேண்டும். அளந்திருக்கிறார்கள். அறுபதாவது நிமிடத்தில் 26.6 மீட்டர்.

தாளைப் பார்க்கும் பெரும்பாலானோர் "9 லிட்டர்" என்பதை எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவார்கள். ஆனால் ஆறு அங்குலத் துளையில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஏறக்குறைய 18 லிட்டர். துளையே நெட்டையான ஒரு தொட்டி. சோதனையில் மொத்தம் இறைத்தது 540 லிட்டர். நீர்மட்டம் 25.9 மீட்டர் இறங்கியது, அதாவது துளைக்குள் ஏற்கனவே நின்றிருந்த தண்ணீரில் 466 லிட்டர் காலி. மிச்சம் 74 லிட்டர்தான் அந்த ஒரு மணி நேரத்தில் பாறையிலிருந்து ஊறி வந்தது. நிமிடத்துக்கு 1.2 லிட்டர்.

கணக்கு சரியா என்று மறுபக்கத்திலிருந்தும் பார்த்தேன். பம்ப் நின்ற பிறகு ஒரு மணி நேரத்தில் மட்டம் ஏறியது 4.4 மீட்டர், 79 லிட்டர். நிமிடத்துக்கு 1.3. இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. ஊற்றுக்கண் 12.8 மீட்டரில் இருக்கும்போது மட்டத்தை அதற்கும் கீழே எவ்வளவு இறக்கினாலும் அந்தக் கண் கூடுதலாகக் கொடுக்கப்போவதில்லை. எனவே ஊறல் ஒரே அளவில் நிற்பதும் பொருந்துகிறது.

எழுதியிருந்த 9 லிட்டர் பொய்யல்ல. அது பம்பின் வேகம், கிணற்றின் வேகம் அல்ல. நம் பணப்பையிலிருந்து ஒரு நாளில் எவ்வளவு எடுத்தோம் என்பதற்கும் ஒரு நாள் சம்பளம் எவ்வளவு என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

இதன் நடைமுறைப் பொருள் விளங்க ஒரு காலைப் பொழுதை எடுத்துக்கொள்ளலாம். இரவு முழுக்க ஊறி, துளையில் 42 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது, சுமார் 750 லிட்டர். பம்பு அடியிலிருந்து சில மீட்டர் மேலே தொங்குவதால் எடுக்கக்கூடியது 680. குளியல், கழிப்பறை, துணி துவைக்கும் இயந்திரம், சமையல் என்று எல்லாம் ஜோராக ஓடும். குழாயில் அழுத்தம் நன்றாக இருக்கும். வீடு பார்க்க வருகிறவர் பத்து நிமிடம் குழாயைத் திறந்து வைத்துவிட்டு "பிரமாதம்" என்பார். 680 லிட்டர் தாண்டியதும் காற்று வரும். அந்த 680 லிட்டர் திரும்ப ஊற எட்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

சோதனை நடந்த தேதியையும் பார்த்தேன். ஏப்ரல் கடைசி வாரம். பனி உருகி நிலத்தடி நீர் மேலேறி நிற்கும் காலம், அதாவது கிணறு ஆண்டிலேயே மிக நல்ல முகத்தோடு நிற்கும் நாட்கள். ஆகஸ்ட் கடைசியில் இதே கிணறு என்ன சொல்லும் என்பது தாளில் இல்லை.

எவ்வளவு தண்ணீர் இருந்தால் போதும்? ஒன்டாரியோவில் புதிய மனைகளைப் பிரிக்கும்போது பயன்படுத்தும் வழிகாட்டுதல் ஒன்று உண்டு. ஒரு ஆளுக்கு நாளைக்கு 450 லிட்டர், நெருக்கடி நேரமான 120 நிமிடத்துக்கு ஆளுக்கு நிமிடம் 3.75 லிட்டர், எப்படியானாலும் கிணறு குறைந்தது நிமிடத்துக்கு 13.7 லிட்டர் தர வேண்டும். பழைய வீட்டை வாங்குபவரை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல். இந்தக் கிணறு அதில் பத்தில் ஒரு பங்கு. இன்னொரு பக்கம், 1.3 லிட்டர் என்பது நாள் முழுக்க ஊறினால் 1,870 லிட்டர். கனடாவில் வீடுகளில் ஒருவர் நாளொன்றுக்குப் பயன்படுத்துவது சராசரியாக 220 லிட்டர் அளவில். ஐந்து பேருக்கு 1,100. ஆக, நாள் கணக்கில் தண்ணீர் இருக்கிறது, மணிக்கணக்கில்தான் இல்லை. பின்னால் முடிவெடுத்தபோது இந்த ஒரு வேறுபாடுதான் உதவியது.

ஆழப்படுத்தும் முன் இருந்த பழைய துளையின் தாள் எங்கே? பதினான்காவது லாட்டில் இல்லை. பக்கத்து லாட்டுகளில் துழாவினேன். பதினைந்தாவது லாட்டில் 1988-ஆம் ஆண்டின் ஒரு தாள்: 52 அடி ஆழம், 42 அடியில் தண்ணீர், நிமிடத்துக்கு 3 காலன். 52 அடி என்பது 15.8 மீட்டர், 42 அடி என்பது 12.8 மீட்டர். முதல் முறை இதைப் பார்த்தபோது "வேறு லாட்" என்று தாண்டிப் போயிருந்தேன். என் தவறு. மீட்டருக்கு மாற்றிய பிறகுதான் பொறி தட்டியது. கையால் வரைந்த படமும் வீட்டோடு அப்படியே பொருந்தியது, தொழுவம் உட்பட. லாட் எண்ணை எழுதியவர் பிசகியிருக்கிறார்.

இப்போது கிணற்றின் கதை முழுசாகக் கிடைத்தது. 1988-இல் 42 அடியில் ஒரு வெடிப்பு, அதில் 3 காலன், அதாவது 13.6 லிட்டர் கிடைத்ததாக எழுதியிருக்கிறார்கள். அதுவும் பாதி துளைக்குள் நின்ற தண்ணீராக இருந்திருக்கலாம். பதினெட்டு ஆண்டில் ஏதோ ஒரு கட்டத்தில் போதாமல் போய், 2006-இல் ஆழப்படுத்தினார்கள். இன்னும் முப்பத்தொரு மீட்டர் இறங்கியும் கிடைத்தது பெரிய தொட்டியும் கொஞ்சம் கந்தக வாடையும்தான்.

நண்பரின் அடுத்த கேள்வி எல்லோரும் கேட்பது: "சரி, இன்னும் ஆழமா போட்டா?" அதற்கு இந்தக் கிணற்றின் தாளில் பதில் இல்லை. அக்கம்பக்கத்துத் தாள்களில் இருந்தது.

ஒரு கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் 23 பதிவுகள். எல்லாவற்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதினேன்: ஆழம், தண்ணீர் வந்த ஆழம், தண்ணீரின் தன்மை, ஊறல், கிணற்றின் இறுதி நிலை. கடைசி நெடுவரிசைதான் பொக்கிஷம். ஒன்டாரியோத் தாள்களில் துளை வீணாய்ப் போனாலும் பதிவு உண்டு. "கைவிடப்பட்டது, போதாத தண்ணீர்", "கைவிடப்பட்டது, தரம் சரியில்லை" என்று எழுதியிருக்கும். வீடு வாங்குகிறவர்கள் தண்ணீர் கிடைத்த புள்ளிகளை மட்டும் பார்க்கிறார்கள். எனக்கென்னவோ தோற்றுப்போன துளைகள்தான் அதிகம் பேசுகின்றன. யாரோ தன் காசில் நமக்காகச் சோதித்துப் பார்த்து, விடையை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அந்தப் பகுதியில் 45 மீட்டரைத் தாண்டிய துளைகள் ஐந்து, நம்முடையதையும் சேர்த்து. அவற்றில் இரண்டில் உப்புத் தண்ணீர், ஒன்றில் கந்தகம், இன்னொன்று 70 மீட்டர் போயும் வறண்டு கைவிடப்பட்டது. நல்ல ஊறல் கொடுத்தவை எல்லாம் 20 மீட்டருக்கு உள்ளே, அதிலும் சாலைக்கு வடக்கே, ஓடையை நோக்கி நிலம் சரியும் பக்கம். எதிர்வீட்டுப் பத்து காலனும் அங்கேதான். தெற்கே நிலம் மேடாகி, மண் மெலிந்து, வெடிப்புகளும் குறைகின்றன. இந்தச் சுண்ணாம்புப் பாறையில் நல்ல தண்ணீர் மேல்பகுதி வெடிப்புகளில்தான் ஓடும். கீழே போகப்போக ஆதிகாலத்து உப்பும் கந்தகமும். ஆழம் போட்டால் தண்ணீர் வரும் என்ற நம்பிக்கை இங்கே நேர் எதிராக வேலை செய்யும்.

மேல்பகுதி வெடிப்பில் தண்ணீர் என்பதற்கு இன்னொரு முகம் உண்டு. ஒன்டாரியோவில் கிணறு என்று பேசினால் வாக்கர்டனைத் தாண்டிப் போக முடியாது. 2000 மே மாதம் அந்தச் சிறு நகரத்தில் பலத்த மழைக்குப் பின் குடிநீரில் ஈ.கோலை என்ற கிருமி கலந்து ஏழு பேர் இறந்தார்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். மாசு முக்கியமாக வந்தது ஐந்தாம் எண் கிணற்றின் வழியாக. அதன் கேசிங் தரைக்குக் கீழே ஐந்து மீட்டர்தான். தண்ணீர் ஐந்துக்கும் எட்டுக்கும் இடைப்பட்ட மீட்டரில், வெடிப்பு விட்ட பாறையிலிருந்து வந்தது. அருகே பண்ணையில் இட்ட சாணம் மழையோடு இறங்கியது. நீதிபதி டென்னிஸ் ஓ'கானரின் விசாரணை அறிக்கை இதை விரிவாகச் சொல்கிறது. அங்கே குளோரினைக் கவனிக்காத மனிதத் தவறும் பெரிது. ஆனால் கிணற்றின் தன்மை அது தோண்டப்பட்ட 1978-ஆம் ஆண்டிலிருந்தே தாள்களில் இருந்தது.

அதை மனதில் வைத்துக்கொண்டு நம் தாளைத் திரும்பப் பார்த்தால்: மண் 2.4 மீட்டர், கேசிங் 6.1, ஊற்றுக்கண் 12.8. வாக்கர்டனைவிடப் பரவாயில்லை. ஆனாலும் மேலே விழுவதை வடிகட்ட மண் போதாது. தொழுவம் நாற்பது மீட்டர் தள்ளி. செப்டிக் டேங்கின் கழிவுநீர் மண்ணுக்குள் இறங்கும் வடிபடுகை கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்தோம், 22 மீட்டர். ஆறு மீட்டர் வரை நீர் புகாத கேசிங் உள்ள துளைக் கிணற்றுக்கு விதிப்படி 15 போதும், மற்றக் கிணறுகளுக்கு 30. விதிக்குப் பொருந்துகிறது. மெல்லிய மண்ணுக்கு விதி கொஞ்சம் தாராளமாக இருக்கிறது என்பது என் எண்ணம்.

அப்புறம்தான் அந்தக் கல்லைப் பார்த்தேன். சமையலறைக்கு வெளியே, மரத்தளத்தின் அடியில், வட்டமான தட்டைக் கல். குனிந்து டார்ச் அடித்தால் பக்கத்தில் ஒரு கை அகல இடைவெளி. சின்னக் கல்லைத் தள்ளிவிட்டேன், இரண்டு எண்ணுவதற்குள் "களக்" என்றது. வெட்டுக் கிணறு. 1988-க்கு முன் இந்த வீட்டுக்குத் தண்ணீர் கொடுத்தது அதுதான் போலிருக்கிறது. எந்த வரைபடத்திலும் அதற்குப் புள்ளி இல்லை. கையால் வெட்டிய பழங்கிணறுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தாளே கிடையாது. வரைபடத்தில் புள்ளி இல்லை என்றால் கிணறு இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, தாள் இல்லை என்று மட்டும்தான் சொல்லலாம்.

இது பிள்ளைகள் விழும் ஆபத்து மட்டுமல்ல. மண்ணைத் தாண்டி நேராகப் பாறைக்கு இறங்கும் ஒரு புனல். மழைநீர், தொழுவத்து நீர் எல்லாம் வடிகட்டாமல் வெடிப்புக்குள் போய்ச் சேரும். பயன்படுத்தாத, பராமரிக்காத கிணற்றை முறைப்படி மூட வேண்டியது நிலத்தின் உரிமையாளர் பொறுப்பு. விற்றுவிட்டால் அந்தப் பொறுப்பும் பத்திரத்தோடு கைமாறும்.

காகிதம் இதுவரைதான் கொண்டுவரும். 2006-இன் தாள் 2006-இன் கிணற்றைச் சொல்கிறது. இன்றைக்குப் பம்ப் எப்படி இருக்கிறது, வெடிப்பு அடைத்திருக்கிறதா, தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதற்குக் கிணற்றையே கேட்க வேண்டும். நண்பர் வாங்குவதற்கான ஒப்பந்தத்தில் இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்கச் சொன்னேன்: ஆறு மணி நேர இறைப்புச் சோதனை, தண்ணீர்ப் பரிசோதனை. வழக்கமாகச் செய்வது ஒரு மணி நேரச் சோதனை. மேலே போட்ட கணக்கைப் பார்த்தவர்களுக்கு அது ஏன் போதாது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விற்பவர் தரப்பு முதலில் முனகியது. தாள்களை அனுப்பியதும் ஒத்துக்கொண்டார்கள். பொதுப் பதிவுகளின் இன்னொரு வசதி இது. நாம் குற்றம் சொல்லவில்லை, அரசாங்கத்தின் தாள் கேட்கிறது.

ஜூனில் சோதனை. உரிமம் பெற்ற கிணற்றுத் தொழிலாளர் ஒருவர் நிமிடத்துக்கு 3 லிட்டர் வீதம் மெதுவாக இறைத்தார். தொடக்க மட்டம் 6.4 மீட்டர், ஆறு மணி நேரம் கழித்து 41.0, அப்போதும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. மொத்தம் 1,080 லிட்டர், அதில் துளைக்குள் நின்றது 623. பாறையிலிருந்து வந்தது 457, நிமிடத்துக்கு 1.27. இவ்வளவு நெருக்கமாக வந்தது தற்செயல். பாதிக்குப் பாதி பிசகியிருந்தாலும் முடிவு மாறியிருக்காது.

தண்ணீர் மாதிரி இரண்டு இடத்துக்குப் போனது. தனியார் கிணற்றுத் தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று மாகாணப் பொதுச் சுகாதார ஆய்வகம் இலவசமாகப் பார்த்துத் தருகிறது. எடுத்த 48 மணி நேரத்துக்குள் சேர்த்துவிட வேண்டும். அதில் ஈ.கோலை இல்லை, ஆனால் மேல்நீர் புகுந்திருக்கலாம் என்று காட்டும் கோலிஃபார்ம் கிருமிகள் கொஞ்சம் இருந்தன. இலவசச் சோதனை கிருமியோடு நின்றுவிடும். நைட்ரேட், சோடியம் எல்லாம் பார்க்கத் தனியார் ஆய்வகத்துக்குக் காசு கட்ட வேண்டும். நைட்ரேட் லிட்டருக்கு 6.1 மில்லிகிராம். குடிநீருக்கான உச்சவரம்பு 10. வரம்புக்குள்தான், ஆனால் பாறைக்குள் இருக்கும் தண்ணீருக்கு 6 எங்கிருந்து வரும்? மேலிருந்துதான்.

நண்பரின் மனைவிக்கு அந்த வீட்டின் மேப்பிள் மரங்கள்மேல் கண். அம்மாவுக்கு மாடிப்படி இல்லாத படுக்கையறை. விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள். விலையில் ஒரு பகுதி குறைந்தது. குறைந்த தொகை முழுவதும் தண்ணீருக்கே போனது. அடித்தளத்தில் 4,000 லிட்டர் கொள்ளும் தொட்டிகள். கிணற்றுப் பம்ப் இப்போது நேரக் கட்டுப்பாட்டில் இரவும் பகலும் சிறிது சிறிதாக இறைத்துத் தொட்டியில் விடுகிறது. தொட்டியிலிருந்து வீட்டுக்கு வேறொரு பம்ப். தொட்டியில் விழும்போது காற்றோடு கலப்பதால் கந்தக வாடை அங்கேயே போய்விடுகிறது. குழாய்க்கு முன் கிருமியைக் கொல்லப் புற ஊதா விளக்கு. துணி துவைக்கும் நாள் ஞாயிறு மட்டும் என்ற வழக்கத்தை விட்டுவிட்டு, துவைப்பதை வாரம் முழுக்கப் பரப்பினார்கள். முதல் ஆகஸ்டில் ஒரே ஒரு நாள் தொட்டி பாதிக்குக் கீழே போனது. உறவினர் பன்னிரண்டு பேர் வந்து தங்கிய வாரம் அது.

மரத்தளத்தைப் பிரித்து, வெட்டுக் கிணற்றை உரிமம் பெற்றவரை வைத்துத் தூர்த்தார்கள். கீழே சுத்தமான கல், அதன்மேல் நீர் புகாத களி, மேலே மண். மூடியதற்கும் ஒரு பதிவுத் தாள் கொடுக்க வேண்டும், கொடுத்தார். நண்பர் தொலைபேசியில் கூப்பிட்டார், வரைபடத்தில் வீட்டுக்குப் பின்னால் புதிதாக ஒரு புள்ளி வந்திருக்கிறதாம். தொட்டுப் பார்த்தேன். ஆழம் 5.8 மீட்டர், நிலை: கைவிடப்பட்டது. இத்தனை காலம் இருந்த கிணற்றுக்கு அதுதான் முதல் தாள்.